தவக்காலத்தில் காணாமல் போன கம்பளி

நம் தெருவில் வளர்ந்தவர்களே, உங்களில் பாதிப் பேர் சென்னையில் இருக்கிறீர்கள், மீதிப் பேர் பிள்ளைகள் போன தேசத்தில் இருக்கிறீர்கள். காரைக்குடியில் மிச்சம் இருப்பது நானும் என் மூட்டுவலியும்தான். போன ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் சாமியார் என்னைக் கூப்பிட்டு, பெரிய வியாழனன்று பாதம் கழுவப்படும் பன்னிரண்டு பேரில் நீங்களும் ஒருவராக உட்கார வேண்டும் என்றார். அவருக்கு என் பிள்ளை வயதுதான். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, "குனிஞ்சு நிமிர முடியல சாமி" என்றேன். "நீங்க எதுக்கும்மா குனியணும்? நான்ல குனியணும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாளாக மனசு ஒரு நிலையில் இல்லை, அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

தெருவில் எங்கள் வீடு ஒன்றுதான் வேதக்கார வீடு என்பதால் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் எங்களுக்குத் தவக்காலம். வாய்க்கு ருசியானதைக் குறைத்து, தானதர்மம் செய்து, செபத்தில் இருக்க வேண்டும். அதன் கடைசி வாரத்தில் வருவது பெரிய வியாழன். சேசு தம் சீடர்களின் காலைக் கழுவிய நாள். அன்று சாயங்காலம் கோவிலில் பன்னிரண்டு பேரை வரிசையாக உட்கார வைத்து, சாமியார் மண்டியிட்டுக் காலைக் கழுவித் துடைத்து முத்தமிடுவார்.

எங்கள் வீட்டில் தவம் எப்படி நடந்தது என்று நினைத்தால் இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. வெள்ளிக்கிழமை கறி கூடாது. அதனால் அம்மா விரால் மீன் குழம்பு வைப்பாள், இறால் வறுப்பாள். மற்ற நாளைவிட அன்றுதான் நாங்கள் அதிகம் சாப்பிட்டோம். அந்த வருடம், எழுபதுகள் தொடங்கிய புதிது, தவக்காலத்துக்குப் பத்து நாள் முந்தி எங்கள் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்தது. நீங்கள் எல்லாரும் வந்து கதவைத் திறந்து திறந்து மூடி, உள்ளே விளக்கு அணைகிறதா என்று எட்டிப் பார்த்தீர்கள். அப்பா கல்லூரியில் வேதியியல் சொல்லிக் கொடுத்தவர், எதையும் அளந்து செய்கிறவர். நாற்பது நாளும் ஐஸ் தண்ணீர் குடிப்பதில்லை என்று முடிவு செய்தார். ஆனால் பாலும் மீனும் கெடாமல் இருக்க ஃபிரிட்ஜ் ஓடத்தான் வேண்டும் என்றார். நான் யாரும் பார்க்காதபோது ஐஸ் கட்டியை எடுத்து வாயில் போட்டு, பல் கூச நின்று கரைப்பேன். அது பாவமா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. பத்து வயதில் எனக்கு எதுவுமே சரியாகத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் வேலை செய்த அக்காவை உங்களுக்கு நினைவிருக்குமோ என்னவோ. தேவகோட்டை ரோட்டில் மூன்று மைல் தள்ளி ஒரு கிராமத்திலிருந்து நடந்து வருவாள். நிலபுலன் இருந்த சம்சாரி வீட்டுப் பெண். கண்மாய் நிறையாமல் மூன்று வருடம் போனதில் டவுனுக்கு வேலைக்கு வந்துவிட்டாள். நம் தெருவில் மூன்று வீட்டில் வேலை. எங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் பாத்திரம் தேய்த்துத் தரை துடைப்பது, தெருக்கோடி வீட்டில் மாவரைப்பது. ஊரில் மட்டும் 'வாத்தியார் வீட்டுல சமையலுக்குப் போறேன்' என்று சொல்லி வைத்திருந்தாள். அது அம்மாவுக்குத் தெரியும், காட்டிக்கொள்ள மாட்டாள்.

எங்கள் ஹாலில் ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தது. சிவப்பும் பச்சையுமாகப் பூப்போட்ட தரை. அக்கா வாளித் தண்ணீரில் நாலு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு, சுவரோரத்திலிருந்து பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து துடைத்துக்கொண்டு வாசலுக்கு வருவாள். துடைத்த இடத்தில் அவள் கால் படாது. கொல்லைக் கதவு வழியாக வந்து சாக்கில் காலைத் தேய்த்துவிட்டுத்தான் அடுப்படிக்குள் வருவாள். அந்த ஹாலில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உட்காரச் சொன்னதாகவும் நினைவில்லை.

தவக்காலத்தின் நடுவில் ஒரு ஞாயிறு, அப்போதிருந்த சாமியார் தானத்தைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். லத்தீன் போய்த் தமிழில் பூசை வந்து கொஞ்ச வருடம்தான் ஆகியிருந்தது. அவர் புது ஆள், புது யோசனைகள் உள்ளவர். வீட்டில் இரண்டு இருந்தால் ஒன்று உங்களுடையது இல்லை என்றார். கொடுப்பதை யாருக்கும் சொல்லக் கூடாது, வீட்டுக்காரம்மாவுக்குக்கூடத் தெரியக் கூடாது என்றார். ஆம்பளைகள் பக்கம் சிரிப்பு எழுந்தது. அப்பா சிரிக்கவில்லை. பாடத்தைக் குறித்துக்கொள்கிற மாணவன் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது, அப்பா இரும்பு பீரோவைத் திறந்து ஒரு கம்பளியை எடுத்தார். சிவப்புக் கம்பளி, ஓரத்தில் இரண்டு கறுப்புக் கோடு. பட்டாளத்தில் இருந்த மாமா, அம்மாவின் அண்ணன், ஜம்முவிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. காரைக்குடியில் யார் கம்பளி போர்த்துவது? பாச்சை உருண்டையோடு அது பீரோவில் தூங்கிக்கொண்டே இருந்தது. வருடத்துக்கு ஒரு முறை அம்மா எடுத்து வெயிலில் போட்டு, தடவிப் பார்த்துவிட்டு மறுபடி மடித்து வைப்பாள். அப்பா அதைச் செய்தித்தாளில் சுற்றி என் கையில் கொடுத்து, ஸ்கூட்டரின் முன்னால் என்னை நிற்க வைத்துக் கிளம்பினார். கோவில் பக்கம் போகவில்லை. தெரிந்தவர்கள் கண்ணில் படக் கூடாதென்று தேவகோட்டை ரோட்டில் போய், ஒரு புளிய மரத்தடி பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் கொடுத்தார்.

பெரியவர் பிரித்துப் பார்த்தார். பங்குனி வெயில் ரோட்டில் அலையலையாக எழும்பிக்கொண்டிருந்தது. "இந்த வெயிலுக்கு இதை வச்சு நான் என்ன செய்யட்டும் ஐயா?" என்று நிசமாகவே கேட்டார்.

"மார்கழிக்கு ஆகும்" என்றார் அப்பா.

திரும்பும்போது அப்பா ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். வீட்டுக்குள் நுழையும் முன்பு, "இதை யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அம்மாகிட்டயும்தான். சொன்னா அது தானம் இல்ல, பெருமை" என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். என் அண்ணனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும், அதுவும் சாமி காரியம்.

பெரிய வியாழனுக்கு முந்திய ஞாயிறு எங்களுக்குக் குருத்து ஞாயிறு; அதற்கு நாலு நாள் முன்பு அம்மா பீரோவை ஒழித்து அடுக்கினாள். கம்பளி இல்லை. கட்டிலுக்கு அடியிலும் பரணிலும் தேடினாள். அப்பாவிடம் கேட்டாள். "நல்லாத் தேடிப் பாரு" என்றார் அவர். அது பொய்யா? பொய் இல்லை என்றும் சொல்லலாம். அன்றிலிருந்து பீரோ சாவி அம்மாவின் இடுப்புக்குப் போய்விட்டது. அக்கா ஹாலைத் துடைக்கும்போது அம்மா ஏதோ காரியமாக அங்கேயே நின்றாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் மதில் சுவருக்கு மேலே பக்கத்து வீட்டு அம்மாவிடம், "யாரைன்னு சொல்றது, வீட்டுக்குள்ள வந்து போறது ஒரே ஆளுதான்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. உங்கள் அம்மாக்களைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டே நாளில் கோடி வீட்டில் அக்காவை மாவரைக்க வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்து வீட்டில் ஊருக்குப் போகிறோம் என்றார்கள். எங்கும் போகவில்லை.

நான் அப்பாவிடம் போனேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். "அக்காவைச் சொல்றாகப்பா" என்றேன்.

"யாரு சொன்னா? அம்மா அவளை ஒண்ணும் கேக்கலியே. ரெண்டு நாள்ல அடங்கிரும்."

"நாம சொல்லிருவோமாப்பா?"

அவர் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சாமிக்குக் குடுத்த வாக்கும்மா அது" என்றார். எனக்குக் குழப்பமாகிவிட்டது. சனிக்கிழமை, செய்த பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது வலைச்சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த சாமியாரிடம், அப்பா சொல்லாதே என்றதைச் சொல்லலாமா என்று கேட்டேன். தாய் தகப்பனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றார், மூன்று செபம் சொல்லச் சொன்னார். அக்காவைப் பற்றி நான் சொல்லாமல் விட்டது அவருக்கு எப்படித் தெரியும்? வெளியே வந்து மூன்று செபத்தையும் சொன்னேன். மனசு லேசாகவில்லை.

குருத்து ஞாயிறன்று சாமியார் புதிதாக ஒன்று சொன்னார். இந்த வருடம் கோவிலில் மட்டும் பாதம் கழுவினால் போதாது, ஒவ்வொரு குடும்பமும் தனக்கு உழைக்கிற ஒருவரின் காலை வீட்டில் கழுவ வேண்டும். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம், "தவக்காலத்துல அவளைப் போயித் தப்பா நினைச்சுட்டேங்க. அவ காலைத்தான் கழுவணும்" என்றாள். அப்பாவுக்கு அந்த இடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட ஒரு வழி திறந்தது. அவர், "நல்ல காரியம்" என்றார். 'உன்னைச் சந்தேகப்பட்டேன், மன்னிச்சுக்க' என்று வாயால் சொல்வதைவிடத் தண்ணீர் ஊற்றுவது சுலபம் என்று அம்மா நினைத்திருப்பாள் என்று இன்று எனக்குப் படுகிறது. முன்கூட்டிச் சொன்னால் அக்கா வெட்கப்பட்டு வராமல் இருந்துவிடுவாள் என்று அம்மா அவளிடம் எதுவும் சொல்லி வைக்கவும் இல்லை.

பெரிய வியாழன் பிற்பகல் நாலு மணி. கோவிலில் அன்று உட்காரும் பன்னிரண்டு பேரில் அப்பாவும் ஒருவர். காலையிலேயே சோப்புப் போட்டு, கல் வைத்துத் தேய்த்து, நகம் வெட்டி, காலைப் பளிச்சென்று வைத்திருந்தார். ஹால் நடுவில் பிரம்பு நாற்காலி. அதன் முன்னால் பித்தளைத் தாம்பாளம், பன்னீர் கலந்த தண்ணீர்ச் செம்பு, புதுத் துண்டு. பக்கத்து முக்காலியில் சிலுவையில் சேசு தொங்கும் பாடுபட்ட சுரூபம், கறுப்பு அட்டை போட்ட வேத புஸ்தகம், எரிகிற மெழுகுவத்தி. மெழுகுவத்தி அணையாமல் இருக்க ஃபேனை நிறுத்தியிருந்ததால் எல்லாருக்கும் வேர்த்துக் கொட்டியது. அப்பா, அம்மா, அண்ணன், நான் சுற்றி நின்றோம். "இங்குட்டு வா, ஒரு காரியம்" என்று அம்மா அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தாள்.

அக்கா சாம்பல் கையைக் கழுவிக்கொண்டு வந்து நிலைப்படியில் நின்றாள். நாற்காலியைப் பார்த்தாள். தண்ணீரை, எரிகிற திரியை, சுற்றி நிற்கும் எங்கள் முகங்களைப் பார்த்தாள். அவர்கள் ஊரில் ஒரு பொருள் காணாமல் போனால், சந்தேகப்பட்ட ஆளைக் காவல் தெய்வத்துக்கு முன்னால் நிறுத்தி, செம்புத் தண்ணீரும் விளக்கும் வைத்து, வீட்டார் எல்லாரும் சுற்றி நின்று சத்தியம் வாங்குவார்கள். எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை.

"நான் எடுக்கலம்மா" என்றாள்.

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயையோ, அதுக்கில்ல. நீ வந்து உக்காரு."

"உக்கார வேணாம்மா. சத்தியந்தானே? நின்னுக்கிட்டே பண்றேன். உங்க சாமின்னா என்ன, எங்க சாமின்னா என்ன."

விறுவிறுவென்று ஹாலுக்குள் வந்தாள். துடைத்த தரையில் அவளுடைய ஈரக் கால் அச்சு விழுந்தது. வலது கையை மெழுகுவத்தி மேல் வைத்தாள். "எம் புள்ளைக மேல ஆணை. அந்தக் கம்பளிய நான் எடுக்கல." திரி அவள் உள்ளங்கையில் பட்டு அணைந்தது. அம்மா கையைப் பிடித்து இழுக்கப் போனாள். அக்கா விலகிக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். "ஐயா, நீங்களாச்சும் சொல்லுங்க" என்றாள்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தம் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "நீ எடுத்தேன்னு யாரும் சொல்லலியே" என்றார்.

அக்கா கொல்லைக்குப் போய், பாதியில் விட்ட பாத்திரங்களைத் தேய்த்துக் கழுவிக் கூடையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். தாம்பாளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. நானும் பேசவில்லை. எனக்கு நாக்கு இருந்தது, பத்து வயதும் இருந்தது.

அன்று சாயங்காலம் கோவிலில் சாமியார் அப்பாவின் சுத்தமான காலைக் கழுவினார். அப்பா குலுங்கிக் குலுங்கி அழுதார். என்ன பக்தி என்று பின்னால் இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் பெரிய வெள்ளி. கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மா கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "எங்க அண்ணன் குடுத்ததுன்னு தெரிஞ்சுதானே குடுத்தீக? அதான் சொல்லல. சாமிக்காகவா சொல்லாம இருந்தீக, எனக்குப் பயந்தா?" என்று கேட்டாள். அது அப்பாவுக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அதன் பிறகுதான் அம்மா அக்காவை நினைத்து அழுதாள்.

சனிக்கிழமை காலை அப்பாவும் நானும் அக்காவின் ஊருக்குப் போனோம். அம்மா எந்த முகத்தோடு வருவேன் என்று வரவில்லை. ஸ்கூட்டர் போகிற பாதை கண்மாய்க் கரையோடு நின்றுவிட்டது. நடந்து போனதில் என் செருப்பைத் துளைத்துக்கொண்டு கருவமுள் ஏறிவிட்டது. அக்கா எங்களைக் கண்டதும், யார் வந்தாலும் செய்வதுபோல வாசலில் செம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அப்பா கால் கழுவிக்கொண்டார். நான் நொண்டியதைப் பார்த்து அக்கா என்னைக் கல்லில் உட்கார வைத்தாள். தண்ணீர் ஊற்றி மண்ணைக் கழுவி, ஊக்கால் முள்ளை எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். அவள் உள்ளங்கையில் வட்டமாகக் கொப்புளம் இருந்தது.

அப்பா, கம்பளியைக் கொடுத்தது தாம்தான் என்று ஆரம்பித்தார்.

"தெரியும் ஐயா" என்றாள் அக்கா. "அன்னைக்குப் பொழுது சாய வீட்டுக்கு வர்றப்பவே பாத்தேன். அந்தப் பெருசு அதை நாலா மடிச்சுப் போட்டு மேல உக்காந்திருந்துச்சு. மாசா மாசம் அந்தப் பீரோவத் தொடைக்கிறவ, எனக்கா அடையாளம் தெரியாது? கேட்டேன். ஸ்கூட்டர்ல ஒரு ஐயாவும் பாப்பாவும் வந்து குடுத்தாகன்னுச்சு."

"அப்பச் சொல்லியிருக்கலாமே" என்றார் அப்பா.

"நான் சொன்னா அம்மாவுக்கும் உங்களுக்கும் சண்டை வரும். அவுக கூடப்பொறந்தவுக குடுத்ததாச்சே. நீங்களாச் சொல்லுவீகன்னு இருந்தேன்." என் காலைக் கீழே இறக்கி வைத்தாள். "பாப்பாவாச்சும் சொல்லும்னு இருந்தேன்."

திரும்ப வேலைக்கு வரச் சொல்லி அப்பா கெஞ்சினார். அவள் மாட்டேன் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். பக்கத்து வீட்டுலயும் கோடி வீட்டுலயும் ஒரு வார்த்தை சொல்லிருங்க. நான் எடுக்கலைன்னு. இந்தப் பேரோட எந்தத் தெருவுக்கு வேலைக்குப் போக?" அப்பா, கண்டிப்பாகச் சொல்கிறேன் என்று கையைப் பிடிக்காத குறையாகச் சொல்லிவிட்டு வந்தார்.

ஈஸ்டரன்று அம்மா பிரியாணி செய்தாள். தட்டில் வைத்து மூடி, பக்கத்து வீட்டுக்கும் கோடி வீட்டுக்கும் என்னிடம் கொடுத்தனுப்பினாள். வேறு எதுவும் சொல்லி அனுப்பவில்லை. புருசன் கொடுத்ததைப் பெண்டாட்டி திருட்டென்றாள் என்று தெரு சிரிக்கும் என்று அவளுக்குப் பயம். இத்தனை நாள் மறைத்தாரே வாத்தியார் என்று பேசுவார்கள் என்று அப்பாவுக்கு. எனக்கு என்ன இருந்தது என்றுதான் தெரியவில்லை. கோடி வீட்டு அம்மா தட்டை வாங்கிக்கொண்டு, "உங்க வீட்டு ஆளு நின்னுட்டாளாமே?" என்று கேட்டார். சொல்ல வேண்டியது என் வாயில் தயாராக இருந்தது. நான் "ஆமா" என்றேன். ஈஸ்டர் போயிற்று, அந்த வருடம் போயிற்று. அக்காவை நம் தெருப்பக்கம் யாரும் பார்க்கவில்லை.

என் அப்பா கெட்டவர் இல்லை. அம்மாவும் இல்லை. கோவிலில் சொன்னதைக் கேட்டு அப்படியே செய்ய நினைத்தவர்கள். எந்த இடத்தில் பிசகியது என்று நானும் ஐம்பது வருடமாகப் பார்க்கிறேன், ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு இடம் கண்ணில் படுகிறது. பெரிய வியாழனன்று பாதம் கழுவும்போது நான் கண்ணை மூடிக்கொள்வதைப் பக்தி என்று இங்கே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சாமியார் முன்னால் போய் உட்காருவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளே, கோடி வீட்டுப் பிள்ளைகளே, உங்கள் அம்மாக்கள் இப்போது இல்லை. அவர்களிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம்தான் சொல்ல முடியும். அக்கா எடுக்கவில்லை.